அம்மா கேட்ட கேள்விக்காக மறுபடியும் படிக்கப் போகலாமா?

பெர்ஜுந்தைப் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 25 வயது. ஊர் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் ஊர்ப் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள், எங்கள் வீட்டில் இன்னும் பழைய பெயர்தான். பிசியோதெரபி படித்துவிட்டு இரண்டு வருடமாகக் கிள்ளானில் ஒரு தனியார் மையத்தில் வேலை பார்க்கிறேன்.

அம்மாவுக்கு 59. முப்பத்தொரு வருடம் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை. மருந்து அடித்தார், உரம் போட்டார், உதிரிப் பழம் பொறுக்கினார். ஆறு வருடமாக இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருக்கிறது. போன மாதம் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப் போனேன். அங்கே இருந்தவர் இளவயது, நல்லவிதமாகத்தான் பேசினார். உடம்புக்கு அசைவு இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும், தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்றார். அம்மா தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். காரில் ஏறியதும், "முப்பத்தோரு வருஷம் காட்டுல நான் என்ன ஒக்காந்துகிட்டா இருந்தேன்? அதெல்லாம் நடையில்லையா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான்கு வருடம் உடம்பைப் பற்றியே படித்த எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. ஒரு பேராசிரியர், தொழிலாளர்களின் உடல் அசைவு பற்றிய ஆய்வுக்கு ஆள் தேடுகிறார். ஆய்வு வழி முதுகலை, இரண்டு வருடம், மாதம் 2,300 வெள்ளி (ரிங்கிட்) உதவித்தொகை. இப்போது என் சம்பளம் 2,900. அப்பா லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தங்கை இந்த வருடம் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதுகிறாள். "படிச்சு முடிச்சு வேலைக்கும் போயாச்சு, மறுபடியும் படிப்பா?" என்கிறார் அப்பா. அவர் கேட்பதில் தப்பு இல்லை.

சமூகச் சுகாதாரம், உடல் அசைவு என்று ஆய்வு செய்து பிழைக்க முடியுமா? அந்த வாழ்க்கை எப்படி இருக்கும்? புள்ளியியலில் நான் சுமார்தான். அதைவிட முக்கியமாக, இந்த ஆய்வெல்லாம் நம் தோட்டத்து ஆட்களுக்கு ஏதாவது உபயோகப்படுமா? இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.


பால்மரத்து மகள்:

தம்பி, முதலில் அம்மாவின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். சம்பளம், பதவி எல்லாம் அப்புறம்.

நானும் கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்தான். அப்பாவும் அம்மாவும் பால் மரம் (ரப்பர்) வெட்டியவர்கள். விடிவதற்கு முன்னாலேயே மரத்தடியில் நிற்க வேண்டும், ஏனென்றால் வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். உணவியல் படித்தேன், பிறகு பொதுச் சுகாதாரத்தில் முதுகலை, அப்புறம் முனைவர் பட்டம். இப்போது ஒரு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மூத்த விரிவுரையாளர்.

அம்மா நடந்தது நடைதான். ஆனால் நடை பேங்கில் போட்ட காசு மாதிரி உடம்பில் சேர்ந்து கிடப்பதில்லை. தசை வேலை செய்யும்போது இன்சுலின் உதவி இல்லாமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். வேலை நின்ற பிறகும் அந்தப் பலன் ஓரிரு நாள் இருக்கும், பிறகு குறைந்துவிடும். அதனால்தான் இன்றைக்கு நடக்கச் சொல்கிறார்கள். இது பதிலில் பாதி. இதை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிட்டு நிறுத்திவிடாதீர்கள், மிச்சப் பாதியில்தான் நம் வேலையே இருக்கிறது.

இந்தத் துறை தொடங்கியதே வேலை செய்யும் ஆட்களைப் பார்த்துத்தான். 1953இல் ஜெர்ரி மாரிஸ் என்ற பிரிட்டன் மருத்துவரும் அவர் குழுவும் லண்டன் பேருந்துத் தொழிலாளர்கள் சுமார் 31,000 பேரின் விவரங்களை வைத்து ஒன்று எழுதினார்கள். நாள் முழுக்க உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறவர்களைவிட, மாடிப் பேருந்தில் படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. இதை எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது 1956இல் அவர்களே எழுதிய அடுத்த கட்டுரை. தொழிலாளர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடையின் இடுப்பளவை எடுத்துப் பார்த்தார்கள். ஓட்டுநர்கள் இளவயதிலேயே கொஞ்சம் பெருத்தவர்களாக இருந்திருக்கிறார்கள். அப்படியானால் வித்தியாசம் எல்லாமே படி ஏறியதால் வந்ததா? தன் கண்டுபிடிப்பையே திருப்பிப் போட்டுச் சந்தேகப்படுகிற அந்தக் குணத்துக்காகத்தான் நான் இந்தத் துறையில் நின்றேன்.

பிற்பாடு ஆய்வு வேறு பக்கம் திரும்பியது. அலுவலகத்தில் உட்காருகிறவர்கள் பூங்காவில் நடப்பதும் ஓடுவதும் பெரிய விஷயமாகிவிட்டது. வேலைக்காக அசையும் உடம்பு பின்னுக்குப் போனது. டென்மார்க்கில் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் என்பவர் இதைப் பிடித்துக்கொண்டு நிறைய எழுதியிருக்கிறார். ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லது செய்கிறது, அதே அளவு அசைவு வேலையாக வரும்போது அந்த நன்மை தெரிவதில்லை என்கிறார். 2018இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, வேலையில் உடம்பை அதிகம் வருத்தும் ஆண்கள் முன்கூட்டியே இறக்கும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிட 18 சதவீதம் அதிகமாக இருந்தது. காரணமாகச் சொல்லப்படுபவை உங்களுக்குப் புரியும்: பாரம் தூக்குவதும் ஒரே நிலையில் நிற்பதும் இரத்த அழுத்தத்தை மணிக்கணக்கில் ஏற்றியே வைக்கின்றன, இதயம் இளைப்பாற நேரமில்லை, எப்போது நிறுத்தலாம் என்பது நம் கையில் இல்லை. பெண்களிடம் அந்த ஆபத்து அப்படித் தெரியவில்லை. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் பணக்கார நாடுகளில் எடுத்தவை.

மருந்துத் தோம்பை முதுகில் கட்டிக்கொண்டு செம்பனைக் காட்டில் நடந்த ஒரு பெண் அந்த எண்களுக்குள் எங்கே இருக்கிறார் என்று தேடிப் பாருங்கள். கிளினிக்கில் இருந்த பிள்ளை சொன்னது அவர் படித்த புத்தகத்தில் இருந்ததுதான். புத்தகத்தில் அம்மா இல்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். என் முனைவர் ஆய்வில் நடந்ததைச் சொல்கிறேன்.

இடுப்பில் பெல்ட் போலக் கட்டும் ஒரு சின்னக் கருவி இருக்கிறது, அசைவை நொடிக்கு நொடி பதிவு செய்யும். ஏழு நாள் கட்டியிருக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரமாவது கட்டியிருந்தால்தான் பொதுவாக அந்த நாளைக் கணக்கில் சேர்ப்போம். குலை வெட்டும் ஆண்களுக்குக் கட்டிவிட்டேன். கணினியில் போட்டுப் பார்த்தால், காலை எட்டு மணிக்கு அவர்கள் சும்மா நிற்கிறார்கள் என்று வந்தது! மறுநாள் விடிகாலையில் காட்டுக்கே போய் நின்றேன். அண்ணாந்து பார்த்தபடி, நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, உயரத்தில் இருக்கும் குலைக்குக் குறி வைத்து இழுக்கிறார்கள். கழுத்து, தோள், முன்கை எல்லாம் முறுக்கேறி இருக்கின்றன. இடுப்பு மட்டும் அசையவில்லை. பிறகு குலையைத் தூக்கிக்கொண்டு தள்ளுவண்டிக்கு நடக்கிறார்கள். கருவி காலடியை எண்ணும், கையில் இருக்கும் இருபது கிலோவை எண்ணாது. அன்றைக்கு நான் அங்கே போகாமல் இருந்திருந்தால், இவர்கள் உழைப்பே குறைவு என்று எழுதிப் பட்டம் வாங்கியிருப்பேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

கேள்வித்தாள் இன்னொரு கதை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள் வேலை, போக்குவரத்து, ஓய்வு நேரம் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்கும். 'மிதமான தீவிரம் கொண்ட செயல்' என்று அழகாகத் தமிழில் எழுதி எடுத்துப் போனேன். ஒரு பாட்டி, "மிதமான வேலைன்னா மண்டோர் வேலையாம்மா?" என்று கேட்டார். மண்டோர் என்றால் ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி. பாட்டி கேட்டது சரியான கேள்வி. பேச முடியும், ஆனால் பாட மூச்சு இருக்காது, அப்படி ஒரு வேலை என்று மாற்றிக் கேட்டேன். உடனே ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். 'ஓய்வு நேர உடற்பயிற்சி' என்பதற்கு மட்டும் கடைசிவரை நல்ல சொல் கிடைக்கவில்லை. ஓய்வு என்றால் படுப்பது. அதில் எதற்கு மூச்சு வாங்க வேண்டும்?

தப்பும் செய்திருக்கிறேன். முதல் சுற்றில் அறுபது பேரைத் தோட்டத்து ஆபீஸ் வராந்தாவில் உட்கார வைத்துக் கேட்டேன். நிர்வாகம் அனுமதி தந்ததே பெரிது என்ற நினைப்பு எனக்கு. பக்கத்து மேசையில் மண்டோர் உட்கார்ந்திருந்தார். முதுகு வலி யாருக்குமே இல்லை, வேலை யாருக்குமே கஷ்டமில்லை! அறுபது தாளையும் ஒதுக்கிவிட்டு, சாயங்காலத்தில் வீடு வீடாகப் போய் மறுபடி கேட்டேன். நான்கு மாதம் போனது. ஒப்புதல் பாரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று நினைத்தவள் நான். மேலதிகாரி காதில் விழும் இடத்தில் கேட்டால் அது ஒப்புதல் ஆகாது. இதையெல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, நீங்கள் அந்த வராந்தாவைப் பார்த்து வளர்ந்தவர்.

பிழைப்பு: முதுகலை, பிறகு முனைவர் பட்டம், எனக்கு மொத்தம் ஏழரை வருடம் ஆனது. முடித்ததும் மூன்று வருடம் ஒப்பந்த வேலை, ஒவ்வொரு டிசம்பரிலும் தூக்கம் இல்லை. நிரந்தரமான பிறகு வகுப்பு, மாணவர் மேற்பார்வை, ஆய்வுப் பணம் கேட்டு விண்ணப்பம், கட்டுரை, கூட்டம் என்று நாள் போய்விடும். காட்டுக்குப் போவது வருடத்தில் சில வாரம்தான். பணக்காரர் ஆக முடியாது. ஆனால் பல்கலைக்கழகம் ஒன்றுதான் வழி என்றும் இல்லை. சுகாதார அமைச்சின் கீழ் தேசிய அளவில் கணக்கெடுக்கும் ஆய்வுக்கழகம் இருக்கிறது. பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர் என்று 2019இல் சொன்னதும், 2023இல் 15.6 என்று சொன்னதும் அவர்கள் கணக்குத்தான். அதில் இந்தியர்கள்தான் முன்னால் நிற்கிறோம்.

புள்ளியியலுக்குப் பயப்படாதீர்கள், உட்கார்ந்தால் வரும். விண்ணப்பிப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவின் ஒரு நாளை, எழுந்ததிலிருந்து படுக்கும்வரை மணிவாரியாக எழுதுங்கள். நீங்களாக ஊகிக்காமல் அவரிடம் கேட்டு எழுதுங்கள். எழுதியதை இங்கேயே போடுங்கள்.


பழைய டிரெசர்:

எனக்கு வயது 73. முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவன். மேலே அந்த அம்மாள் எழுதியதைப் படித்தேன், ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

தோட்டத்தில் அந்தக் காலத்தில் இனிப்பு நீர் இல்லை, உழைத்ததால் எல்லாரும் திடமாக இருந்தார்கள் என்று பேசுகிறவர்கள் நிறைய. அதை அப்படியே நம்பாதீர்கள். நாங்கள் பார்த்தது காய்ச்சல், பூச்சி, இரத்தச் சோகை, வெட்டுக் காயம், பாம்புக் கடி. இனிப்பு நீர் இருந்திருக்கும், நாங்கள் தேடவில்லை. கால் புண் ஆறாமல் வந்து, ஒரு மாதம் கட்டுப் போட்டு, கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர்களை இப்போது நினைத்துப் பார்த்தால் எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

மாறியது எது என்றால் வாழும் இடம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தபோது கோயில், பள்ளிக்கூடம், திடல், கடை எல்லாம் கால்நடை தூரம். காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கே நடந்துதான் வருவார்கள். சாயங்காலம் பையன்கள் பந்து விளையாடுவார்கள், பெண்கள் படியில் உட்கார்ந்து பேசிவிட்டு ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். தோட்டம் கைமாறி, மேம்பாட்டுக்குப் போய், சனங்கள் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிக்கும் அடுக்குமாடிக்கும் போனார்கள். இப்போது ரொட்டி வாங்கவும் மோட்டார்தான். நடக்கிற ஆளுக்குச் சாலை ஓரத்தில் இடமே இல்லை, ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் லோரி. இந்தச் சனத்தைப் பார்த்து ஏன் நடக்கவில்லை என்று கேட்டால் எப்படி?

இன்னொன்று. தோட்டத்து ஆஸ்பத்திரிப் பதிவேடுகள், மூடும்போது பல இடங்களில் குப்பைக்குப் போயின. எங்காவது மிச்சம் இருந்தால் தேடிப் பிடியுங்கள். என்னைப் போன்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே வந்து கேளுங்கள்.


பாதியில் நிறுத்தியவள்:

நான் இதே மாதிரித் துறையில் முனைவர் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டவள். படிப்பு பிடிக்காமல் விடவில்லை. ஆய்வுப் பணம் முடிந்தது, உதவித்தொகையும் அதோடு நின்றது, வீட்டில் ஒரே சம்பளம். அதனால் தம்பிக்குச் சில விஷயங்கள்.

அந்த 2,300 வெள்ளி எந்தப் பணத்திலிருந்து வருகிறது, அது எந்த மாதம் முடிகிறது என்று எழுத்தில் கேளுங்கள். சுகாதார அமைச்சின் நெறிமுறைக் குழு அனுமதியோ பல்கலைக்கழகத்தின் அனுமதியோ கையில் இருக்கிறதா, இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டுமா என்று கேளுங்கள். என் முதல் வருடத்தில் பாதி அதற்கே போனது. அந்தப் பேராசிரியரிடம் படித்து முடித்த ஒருவரையும் முடிக்காத ஒருவரையும் தேடிப் பேசுங்கள், முடிக்காதவர் சொல்வதுதான் அதிகம் உதவும். மைபிரெய்ன் போன்ற அரசாங்க உதவிகள் நடுவில் நின்றுபோய் மறுபடி வந்தவை, அதை நம்பி வேலையை விடாதீர்கள். பிசியோதெரபிப் பதிவை மட்டும் விட்டுவிடாமல் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். சனிக்கிழமை நோயாளி பார்த்தாவது வீட்டுக்குப் பணம் கொடுக்கலாம். புள்ளியியலுக்கு 'ஆர்' மென்பொருள் இலவசம், இன்று இரவே ஆரம்பிக்கலாம்.

அப்பாவிடம் பேசும்போது கனவைச் சொல்லாதீர்கள், மாதக் கணக்கைக் காட்டுங்கள். நான் கனவைச் சொன்னேன்.


பெர்ஜுந்தைப் பையன்:

மூன்று பேருக்கும் நன்றி. ஐயா, உங்களை நேரில் வந்து பார்க்க ஆசைப்படுகிறேன், தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

அக்கா சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் உட்கார்ந்து எழுதினேன். இரண்டு மணி நேரம் ஆனது. சுருக்கமாகப் போடுகிறேன்.

4.45க்கு எழுந்துவிடுகிறார். யாரும் வேலைக்குப் போகாத நாளிலும்தான். வாசல் கூட்டி, துணி கையால் துவைத்து (மெஷின் இருக்கிறது, தொடமாட்டார்), சமைத்து முடிக்கும்போது 8 மணி. 9க்குப் பின்கட்டில் கீரைப் பாத்தி. 10.30க்கு முழங்கால் பிடித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு மாலை 5 மணி வரை ஏறக்குறைய உட்கார்ந்தே இருக்கிறார். இது எனக்குத் தெரியாது. நான் வேலைக்குப் போய்விடுவதால், அம்மா நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். முழங்காலைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் அடுத்தவர் முழங்காலைப் பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

ஏன் நடக்கப் போவதில்லை என்று கேட்டேன். மூன்று காரணம் சொன்னார். முன்சாலையில் நாய். தனியாக நடந்தால் "என்ன, வேலை வெட்டி இல்லையா?" என்று கேட்பார்களாம். மூன்றாவதாக, அரை மணி நேரம் தொடர்ந்து நடக்க முடியாது, முடியாததை எதற்குத் தொடங்க வேண்டும் என்றார். பிறகு அவராகவே சொன்னது: கோயில் திடலில் நடக்கலாம், தோட்டத்தில் கூட வேலை செய்த பழைய கேங் ஆட்கள் நாலு பேர் வந்தால் வருவேன்.


பால்மரத்து மகள்:

தம்பி, மூன்றாவது காரணத்துக்கு இன்றைக்கே பதில் சொல்லிவிடலாம். ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்னே இருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் அதை எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்பதை ஐந்தைந்து நிமிடமாகச் சேர்த்தாலும் சேரும். அந்த 10.30க்கும் 5க்கும் நடுவில் நாலைந்து தடவை எழுந்து வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும். முழங்காலை நீங்களே பாருங்கள், இந்த வாரமே.

முதல் இரண்டு காரணமும் நாலு பழைய கேங் ஆட்களும் உங்கள் ஆய்வுக் கேள்வி. வேலையை விட்டு வந்த தோட்டத்துப் பெண்களின் பகல் நேரம் எப்படிப் போகிறது, எது அவர்களை வெளியே கூட்டிவரும். இதை வைத்து ஒரு பக்கம் எழுதி அந்தப் பேராசிரியருக்கு அனுப்புங்கள். அவர் திட்டம் வேலையில் இருக்கும் தொழிலாளர்களைப் பற்றியது, இது வேலையை விட்டவர்களைப் பற்றியது. ஒத்துக்கொள்வாரா என்பதில் அவர் எப்படிப்பட்ட வழிகாட்டி என்பதும் தெரிந்துவிடும். எழுதியதை முதலில் எனக்கு அனுப்பினால் திருத்தித் தருகிறேன்.


பெர்ஜுந்தைப் பையன்:

எழுதிக்கொண்டிருக்கிறேன் அக்கா, புதன்கிழமைக்குள் அனுப்புகிறேன். அப்பாவிடம் மாதக் கணக்கைக் காட்டினேன். தங்கையின் டியூஷன் பணம் நிற்காது என்று தெரிந்ததும், "சரி, ரெண்டு வருஷம்தானே" என்றார்.

அம்மா ஒன்று கேட்கச் சொன்னார். அந்தப் பெல்ட்டைக் கட்ட அவர் தயார், குளிக்கும்போது கழற்ற வேண்டுமா?


பால்மரத்து மகள்:

கழற்றச் சொல்லுங்கள். கழற்றிய நேரத்தையும் மறுபடி கட்டிய நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.